ராகு காலத்துக் காவல்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை ஆவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நவமணி கணினியை அணைத்துவிட்டாள். அவள் அணைப்பது என்றால் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போவது இல்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளி, திரையின் மேல் பூப்போட்ட துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டுத்தான் அறைக் கதவைச் சாத்துவாள். இனிப் பன்னிரண்டு மணி வரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகளின் சாதகங்களை ராகு காலத்தில் விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிற பொம்பளை அவள் இல்லை. மலேசியாவின் இந்த ஈப்போவில் சூரியன் ஏழேகாலுக்குத்தான் எட்டிப் பார்க்கிறது, அதனால் இங்கே ராகு காலம் தள்ளிப் போகும் என்று கோயில் ஐயர் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினார். நவமணி அசையவில்லை. அவளுக்கு நாள்காட்டியில் அச்சடித்திருப்பதுதான் கணக்கு.

அடுப்பில் பருப்பை ஏற்றி வைத்தபோது கைப்பேசி கூப்பிட்டது. தாப்பாவிலிருந்து செல்லாயி. மகள் துளசிக்கு ஒன்றரை வருடமாக நவமணிதான் மாப்பிள்ளை பார்க்கிறாள்.

"நவமணிக்கா, அந்தப் பையன் படம் தொறக்கவே மாட்டுதுலா."

"எந்தப் பையன்?"

"நீங்க அனுப்புனீங்களே, இமெயில்ல. நானும் நாலு தடவ அழுத்திட்டேன், சுத்திக்கிட்டே இருக்கு. பையன் எந்த ஊரு?"

நவமணி யாருக்கும் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. அதைச் சொல்வதற்குள் பீடோரிலிருந்து இன்னொரு தாய் கூப்பிட்டாள். அதற்குப் பின்னால் பத்துகாஜாவிலிருந்து ஒருத்தி. பருப்பு குழைவதற்குள் எட்டுத் தாய்மார்கள் வரிசையாகக் கூப்பிட்டு, அனுப்பாத மாப்பிள்ளையின் படம் ஏன் திறக்கவில்லை என்று கேட்டுவிட்டார்கள். நவமணி பழைய கடிதம் ஒன்றில் எழுதியிருந்த வாசகத்தை அப்படியே எடுத்து, அடியில் நீல எழுத்தில் ஒரு சுட்டியை ஒட்டி, அவள் பெயரிலேயே யாரோ எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள். தெரியாத சுட்டியை அழுத்தாதீர்கள் என்று வங்கிக்காரன் சொல்கிறான், வானொலியில் சொல்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்கிறது. சொல்லலாம். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருக்கும் மகளை வீட்டில் வைத்திருக்கும் தாயிடம் மாப்பிள்ளை படம் என்று ஒன்றை நீட்டிவிட்டு, அழுத்தாதே என்றால் அது எந்த ஊர் நியாயம்?

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சாத்திய கதவைப் பார்த்தாள். கடிதத்தை எடுக்கத் தெரிந்தவனுக்கு மற்றதை எடுக்கத் தெரியாதா என்று தோன்றியதும், கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தெரியாமல் போயிற்று.

நவமணி பிறந்தது பீடோருக்கு உள்ளே, ரப்பர் மரங்கள் நின்ற ஒரு கித்தாத் தோட்டத்தில். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவரை கல்யாணத் தரகர் என்று ஒருவர் யாருக்கும் தேவைப்படவில்லை. எந்த வீட்டில் யார் வயசுக்கு வந்தாள், எந்தப் பையன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பதெல்லாம் பலகைச் சுவருக்கே தெரியும். தோட்டம் கைமாறி, பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்து, சனங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று அடுக்குமாடிகளுக்குச் சிதறிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரனின் பெயர் தெரியாத காலம் வந்தது. நவமணி கல்யாணத்துக்கு முன்னால் ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். எந்தப் பிள்ளை யாருடையது, இப்போது எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். ஒருத்தி கேட்டாள், சொன்னாள். இன்னொருத்தி கேட்டாள். அப்படியே அது தொழிலாகிவிட்டது. ஆரம்பத்தில் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. டின் அலமாரியின் உச்சியில் இருந்தது. அதைத் திருட வேண்டுமானால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், ஸ்டூல் இழுபட்டால் கணவர் ஐயாவு எழுந்துவிடுவார். மகன் தேவன் ஜொகூருக்கு வேலைக்குப் போன பின், அவன் அறையும் அவன் விட்டுப்போன மேசையும் ஆபீஸ் ஆயின. டின் கணினியாயிற்று.

சாதகமும் படமும் மட்டுமென்றால் அவள் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டாள். கல்யாணப் பேச்சில் கடைசியாகத்தான் உண்மை வரும். காப்பி குடித்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறக்கும்போது திரும்பி நின்று சொல்வார்கள். பையனுக்குக் காக்காய் வலிப்பு இருந்தது, இப்போது இல்லை. அப்பா உள்ளே போய்விட்டு வந்தவர். பெண் ஒரு சீனப் பையனோடு மூன்று வருடம் பழகினாள். இவற்றையெல்லாம் நவமணி யாரிடமும் சொன்னதில்லை, ஐயாவுவிடம்கூட. ஆனால் வயது ஏற ஏற ஞாபகம் இடறியதால் ஒவ்வொருவர் பெயருக்கு அடியிலும் ஒரு வரி தட்டி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். தவறான வீட்டில் தவறான பேச்சை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த வரிகள் அவை.

அதில் ஒரு வரி தக்ஷாயினியுடையது.

தக்ஷாயினி சிலோன்காரக் குடும்பம். அம்மா சரோஜாதேவி ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர்கள் ஆட்களுக்குள்ளேயே பேசி முடிக்கிறவர்கள், தோட்டத்திலிருந்து வந்த தரகரின் வாசலை மிதிக்கமாட்டார்கள். மகளின் முதல் கல்யாணம் எட்டு மாதத்தில் முறிந்த பிறகு, சொந்தத்துக்குள் வாயைத் திறந்தால் மறுநாள் ஊர் முழுக்கப் போய்விடும் என்ற பயத்தில்தான் சரோஜாதேவி டீச்சர் புந்தோங்கில் இருக்கும் நவமணி வீட்டுக்கு வந்தார். வந்த அன்று தாயாரை முன்னால் காரில் ஏற்றிவிட்டு, கைப்பையை மறந்துவிட்டதாகச் சொல்லித் தக்ஷாயினி தனியாகத் திரும்பி உள்ளே வந்தாள். முப்பத்தாறு வயது, இடுப்பு வலிக்காரர்களுக்கும் பக்கவாதக்காரர்களுக்கும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலை. தனக்குப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும், அதனால்தான் அவன் போனான் என்றும், போனவன் ஒரு நல்ல காரியமாக அதை யாரிடமும் சொல்லவில்லை என்றும் நின்ற இடத்திலேயே சொன்னாள். அம்மாவுக்கும் தெரியாது. வரப்போகிறவனுக்கு மட்டும், நேரம் வரும்போது, அவளே சொல்ல வேண்டும். வேறு யார் வாயிலிருந்தும் அது அவன் காதில் விழக் கூடாது. நவமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாள்.

அப்படித் தேடித்தான் ரதீசனைப் பிடித்தாள். லூமுட்டில் கடற்படைத் தளத்தில் டெக்னிஷியன், மனைவி தவறி மூன்று வருடம், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டு முறை சந்தித்துவிட்டார்கள். இரண்டாவது முறை போய்வந்த பிறகு தக்ஷாயினி பேச்சில் ஒரு துள்ளல் வந்திருந்ததை நவமணி கவனித்திருந்தாள். அடுத்த சந்திப்பில் சொல்லிவிடுகிறேன் என்றிருந்தாள். ரதீசனுடைய விலாசமும் அதே கணினியில்தான் இருந்தது. இன்று எல்லாருக்கும் போன கடிதம் அவனுக்கும் போயிருக்கும். நாளைக்கு அந்த வரி போனால்?

மறுநாள் ஐயாவு கணினியைத் துண்டோடு தூக்கிக் காரின் பின்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். பாமாயில் டாங்கி லோரி ஓட்டியவர், கட்டாத சரக்கோடு வண்டியை எடுக்கமாட்டார். டவுனில் காப்பிக்கடை மாடியில் சியூ லிங்கின் கணினிக் கடை. கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஐம்பது வயதுக்காரி. நவமணியும் அவளும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

சியூ லிங் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றாள். கிள்ளானிலிருந்து வந்த வரன் விவரம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நவமணிக்கு அந்த வரன் நினைவுக்கு வந்தது. டாக்டர், முப்பத்திரண்டு வயது, எந்தக் கண்டிஷனும் இல்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருடத் தொழிலில் கண்டிஷன் இல்லாத டாக்டர் மாப்பிள்ளையை அவள் பார்த்ததே இல்லை. தெரியாதவர்கள் அனுப்புவதைத் திறக்கவே கூடாது ஆன்ட்டி என்றாள் சியூ லிங். தெரியாதவர்கள் அனுப்புவதைத் திறப்பதுதானே என் வேலை என்றாள் நவமணி.

"மற்றதெல்லாம் வெளியே போயிருக்குமா?" என்று நவமணி கேட்டாள். போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம், இவ்வளவு நாளுக்குப் பிறகு யாராலும் அதைச் சொல்ல முடியாது என்று சியூ லிங் சொன்னாள். பிறகு அவளே நெற்றியைச் சுருக்கினாள். மூன்று வருடத்துக்கு முன் அவள்தான் இதில் ஒரு பாதுகாப்பு மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தாள். அது ஒரு நாள்கூடத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவில்லை, ஒரு முறைகூட முழுதாகச் சோதனை செய்யவில்லை. ஏன் என்று தேடிக்கொண்டே போனவள், கண்ணாடியை இறக்கிவிட்டு நவமணியைப் பார்த்தாள். ஆன்ட்டி, நீங்கள்தானே அன்றைக்கு வெள்ளிக்கிழமை நல்ல நாள், வெள்ளிக்கிழமையாகப் போடு என்றீர்கள்? போட்டேன். வெள்ளி, காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் கணினி எப்போதும் அணைந்தே இருக்கிறதே?

நவமணிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பன்னிரண்டு மணிக்குமேல் கணினியைப் போட்டதும் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்து ஏதோ கேட்கும். பிள்ளையைப் பெற்றவர்கள் காத்திருக்கும்போது அதோடு யார் மல்லுக்கு நிற்பது? 'பிறகு' என்பதை அழுத்தித் தள்ளிவிடுவாள். மூன்று வருடம் வாரா வாரம் தள்ளியிருக்கிறாள். ஐயாவுக்கு மலாய் வேகமாகப் போனாலும் விஷயம் புரிந்துவிட்டது.

"ராகு காலத்துல நீதான் எந்திரிச்சுப் போற மணி. திருடன் எதுக்குப் போறான்?"

கேலியாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்து, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவருக்கு. கீழே போய் மூன்று பேருக்கும் காப்பி கட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

சியூ லிங் உள்ளிருந்ததைத் துடைத்து எடுத்துவிட்டு, புதிதாகப் போடுவதற்கு மூன்று பாதுகாப்பு மென்பொருள்களைக் காட்டினாள். எது நல்லது என்று நவமணி கேட்கவில்லை. எந்தத் தாய் தன் மகனைக் கெட்ட மாப்பிள்ளை என்பாள்? அவள் தனக்குத் தெரிந்த வழியில் விசாரிக்க ஆரம்பித்தாள். எந்த ஊர்? எத்தனை வருடமாக இருக்கிறான்? முன்னால் இருந்த வீட்டில் ஏன் விட்டார்கள்? சிவப்புப் பெட்டியில் இருந்தவன் பெரிய இடம். கடவுச்சொல் காப்பான், பிள்ளைகளைக் கண்காணிப்பான், கைப்பேசி தொலைந்தால் தேடுவான், கணினியைத் துடைத்து வேகமாக்குவான். பத்து வேலை தெரிந்தவன் எந்த வேலையில் நிலைப்பான் என்று நவமணி அதைத் தள்ளி வைத்தாள். அடுத்தது இலவசம், பெட்டிகூட இல்லை, சியூ லிங் திரையில்தான் காட்டினாள். சும்மா வருகிறவன் என்றதும் நவமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சம்பளம் வாங்காமல் வீட்டுக்குக் காவல் இருக்கிறானென்றால் அவன் சாப்பிடுவது என்ன? சியூ லிங் சிரித்தாள். எல்லாம் அப்படி இல்லை ஆன்ட்டி, நல்லதும் இருக்கிறது, ஆனால் சிலது நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள் என்று பார்த்து விளம்பரக்காரனுக்குச் சொல்லும் என்றாள். நவமணி கையை ஆட்டிவிட்டாள்.

மூன்றாவது, பெயர் கேள்விப்படாத ஒன்று. வெள்ளைப் பெட்டி. வருவதைத் தடுக்கும், இருப்பதைச் சோதிக்கும், குறிப்பிட்ட சில கோப்புகளைப் பூட்டி வைக்கும். அவ்வளவுதான். எப்படிச் சோதிக்கும் என்று கேட்டாள் நவமணி. ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்க்கும்.

"எல்லாத்தையும் பாக்குமா?"

எல்லாவற்றையும்.

"பாத்துட்டு யார்கிட்டயாவது சொல்லுமா?"

சியூ லிங் இதை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியின் பின்புறத்தைப் படித்தாள், திரையில் போய்த் தேடினாள். சந்தேகமான கோப்பு எதையாவது கண்டால் தன் கம்பெனிக்கு ஒரு பிரதி அனுப்பட்டுமா என்று ஓர் இடத்தில் கேட்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அனுப்பாது. வேண்டாம் என்று சொல் என்றாள் நவமணி. எல்லாரையும் பார்க்க வேண்டும், ஒருவரைப் பற்றியும் வெளியே சொல்லக் கூடாது. இதைச் செய்து காட்டித்தான் அவளும் இத்தனை வருடம் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தாள். வெள்ளைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பழைய கடவுச்சொல் என்ன என்று சியூ லிங் கேட்டபோது, பிள்ளையார் பெயரும் நூற்றெட்டும் என்று நவமணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஈப்போவில் என் தமிழ் வாடிக்கையாளர் பாதிப்பேருக்கு அதுதான் என்று சியூ லிங் அதை மாற்றினாள். கைப்பேசியையும் வாங்கி, வருகிற படங்கள் தாமாகத் திறந்துகொள்ளாதபடி செய்து கொடுத்தாள். இனி நீங்கள் தொட்டால்தான் திறக்கும், தொடுவதற்கு முன் யோசியுங்கள் என்றாள். கடைசியில் வாரச் சோதனையை எந்த நேரத்துக்கு வைப்பது, ஞாயிறு காலைக்கு மாற்றட்டுமா என்று கேட்டாள். நவமணி கொஞ்சம் யோசித்தாள். ஞாயிறு காலையில்தான் பெற்றவர்கள் வருவார்கள், மறுபடி 'பிறகு' என்று தள்ளுவாள். வாரத்தில் அவள் அந்தக் கணினியைத் தொடாத நேரம் ஒன்றே ஒன்றுதான்.

"வெள்ளிக்கிழமை பதினொண்ணுலயே இருக்கட்டும்," என்றாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், விவரம் எதுவும் சொல்லாமல், தக்ஷாயினிக்கு இதைச் சொல்லியாக வேண்டும் என்றாள் நவமணி. சிக்னலில் நின்றபோது ஐயாவு ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னார். "போயிருக்கும்னு அந்தச் சீனத்தி சொல்லலதானே. போவாம இருந்தா? எதுக்கு அந்தப் புள்ள வயித்துல புளியக் கரைக்கணும்?"

"போயிருந்தா?"

பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுத்தார்.

அன்று மாலையிலிருந்து நவமணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். என் கணினியில் திருடன் புகுந்துவிட்டான், நான் அனுப்பாத கடிதத்தை அழுத்தாதீர்கள், அழுத்தியிருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள், உங்கள் வீட்டு விவரமும் வெளியே போயிருக்கலாம், என் தப்புதான், மன்னிச்சிருங்க. சிலர் திட்டினார்கள். ஒரு பெரிய மனிதர் சாதகத்தைத் திருப்பிக் கேட்டார். தாப்பா செல்லாயி மட்டும், "போனா போவட்டும்லா அக்கா, நாலு பேரு பாத்தாத்தானே வரன் வரும்," என்றாள். அதைக் கேட்டு நவமணி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதும்விட்டாள். தக்ஷாயினியை மட்டும் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வரச் சொன்னாள்.

ஞாயிறு மதியம் வந்தவளை ஆபீஸ் அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்தி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ராகு காலத்தையும் சேர்த்துத்தான். பொய் சொல்லித் தப்பிக்க ஒரு சின்னச் சந்துகூட வைத்துக்கொள்ளவில்லை. தக்ஷாயினி துண்டு போர்த்திய திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஐயாவு மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவர் எப்போதும் மாலையில்தான் ஊற்றுவார்.

"நான் உங்களிட்டச் சொன்னது உங்களுக்கு மட்டும்தானே அன்ரி," என்றாள் தக்ஷாயினி. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நவமணிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஆமாம்மா."

"எழுதி வச்சிருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாது."

நவமணி தலை குனிந்தாள். தக்ஷாயினி, என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டாள். வாயால் சொல்ல நவமணிக்கு வரவில்லை. துண்டை எடுத்துவிட்டு, பிளக்கைச் செருகி, அவள் பெயரைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினாள். பிறந்த நாள், நட்சத்திரம், படிப்பு, வேலை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வரி. *புள்ள பொறக்காது. இத நான் பேசக்கூடாது, அவளே சொல்லுவா.*

தக்ஷாயினி அதை வெகுநேரம் படித்தாள். அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு கைப்பையில் எதையோ தேடினாள். நவமணி எழுந்து போய் மேசை மேலிருந்த டிஷ்யூப் பெட்டியை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆயாக் கொட்டகையில் விழுந்து முட்டி உரசிக்கொண்டு வரும் பிள்ளைகளை அப்படித்தான் பிடிப்பாள். அவளுக்கு இந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. தன் தொழிலுக்கு வெளியே, வரன் கணக்குக்கு வெளியே பிடித்திருந்தது.

"அழிச்சிடுறேம்மா. இப்பவே அழிச்சிடுறேன்."

"வேண்டாம்." தக்ஷாயினி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அழிக்கிறதால போனது திரும்பி வராது. நான் அவருக்குச் சொல்லிப்போட்டு உங்களுக்குச் சொல்லுறன். பிறகு அழியுங்கோ."

"எப்பம்மா?"

"வெள்ளி காலமை. அண்டைக்குத்தான் அவருக்கு லீவு. மகளையும் கூட்டிக்கொண்டு ஜெட்டிக்கு வாறதாச் சொன்னவர்."

நவமணியின் வாய் தானாகத் திறந்தது. வெள்ளி காலையில் கிளம்பி, லூமுட் படகுத் துறைக்குப் போய்ச் சேர்ந்து, உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும்போது மணி எத்தனையாகும் என்று அவள் உள்ளே ஒருத்தி கணக்குப் போட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரைக்கூட அந்த நேரத்தில் வாசல் ஏற விட்டவள் இல்லை. தக்ஷாயினிக்கும் அது புரிந்தது.

"இனி எனக்கு நேரம் பாக்க ஏலாது அன்ரி. ஆரும் அவருக்குச் சொல்ல முந்தி நான் சொல்லவேணும்."

நவமணி சாமியறைக்குப் போய்த் திருநீறு எடுத்து வந்து அவள் நெற்றியில் பூசிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கை பழக்கத்தில் பிளக்குக்குப் போயிற்று. போனதை இழுத்துக்கொண்டாள். துண்டு மடியில் கிடந்தது. சாதகம் எதையும் திறக்கவில்லை, கடிதம் எதையும் படிக்கவில்லை, சும்மா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு மூலையிலிருந்து சின்னப் பெட்டி எழுந்து வந்து, சோதனையைத் தொடங்கட்டுமா என்று கேட்டது. இப்போது, பிறகு. நவமணி சாமிப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு 'இப்போது' என்பதை அழுத்தினாள்.

கோப்புகளின் பெயர்கள் கீழிருந்து மேலே ஓட ஆரம்பித்தன. ஐயாவு இரண்டு குவளைத் தேநீரோடு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் அவளுடைய பிள்ளைகள். முடிந்தவர்கள், முடியாதவர்கள், முடிந்து பிரிந்தவர்கள். சில பெயர்கள் கண் சிமிட்டும் நேரத்தில் ஓடின. சில ஒரு மூச்சு நின்று போயின.

"இது பத்துகாஜா பையன்தானே, சோறு பத்தலன்னு கோச்சுக்கிட்டுப் போனானே."

"அவனுக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க."

"இந்தப் பொண்ணு?"

"பேசாம இருங்க."

தக்ஷாயினியின் பெயர் வந்தது. நின்றது. நவமணி துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அந்த வரியையும் பார்த்திருக்கும். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெயருக்குப் போயிற்று.

பதினொன்றரை தாண்டியும் கைப்பேசி சும்மாவே கிடந்தது. ஐயாவு தேநீரைக் குடித்து முடித்துவிட்டார், அவளுடையது ஆறிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போயிருப்பானோ. குழந்தையை வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல் இவள் திரும்பிக்கொண்டிருப்பாளோ. நேரம் சரியில்லை, நேரம் சரியில்லை என்று மனது அரற்றிக்கொண்டே இருந்தது. அப்போது மேசை அதிர்ந்தது.

தக்ஷாயினி. எழுத்து ஒன்றும் இல்லை, ஒரு படம் மட்டும். சியூ லிங் செய்து கொடுத்தபடி அது தானாகத் திறக்கவில்லை. கலங்கலாக நின்றது. மேலே நீலம், கீழே சாம்பல். நடுவில் மூன்று கறைகள். இரண்டு உயரமாக, இரண்டுக்கும் இடையில் ஒன்று குட்டையாக, சிவப்பாக.

ஐயாவு தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஆளுங்களா, ஜெட்டிக் கம்பமா?"

நவமணி மேசை மேல் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"தொறலா மணி."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. யார் எதை அனுப்பினாலும் அடுத்த நொடியே திறந்துவிடுகிற நவமணி, விரலை நீட்டி, அப்படியே மடக்கிக்கொண்டாள்.

"பன்னண்டு ஆவட்டுங்க."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டார். அவர்களுக்கு முன்னால் பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நவமணி கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பூப்போட்ட துண்டின் நுனியால் அந்தப் படத்தின் மேல் மெதுவாகத் துடைத்தாள், துடைத்தால் தெளிந்துவிடும் என்பதுபோல.